மாப்பிள்ளையோடு வந்த றைபிள்

கல்முனைக்குடியில் கலியாணம் என்றால் பெண் வீடு மாறுவதில்லை, மாப்பிள்ளைதான் மாறுவார். வீடு பெண்ணின் பெயரில், வளவு பெண்ணின் பெயரில், வயல் இருந்தால் அதுவும் பெண்ணின் பெயரில். மாப்பிள்ளை ஒரு சூட்கேசும் நாலைந்து சாரனும் சவரப்பெட்டியுமாக வந்து சேருவார். மனைவியோடு கோபித்துக்கொண்டால் அதே சூட்கேசைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போவார். கோபம் ஆறியதும், அல்லது உம்மாவின் கறி சலித்ததும், திரும்பி வருவார். ஊரிலுள்ள பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லோரும் இப்படி வந்து குடியேறியவர்கள்தான்.

மீராமுகைதீனும் அப்படித்தான் வந்தார். எழுபத்தெட்டாம் ஆண்டு, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு கலியாணம். ஆனால் அவருடைய சூட்கேசுக்குப் பக்கத்தில் புதுப்பாயில் சுருட்டிய நீளமான பொட்டலம் ஒன்றும் வந்தது. மாமியார் சரீபா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"என்ன மாப்பிள்ள இது, துவக்கெல்லாம் தூக்கிட்டு வந்திரிக்கீங்க?"

"துவக்கில்ல மாமி," என்றார் மாப்பிள்ளை. "றைபிள்."

அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று மணப்பெண் முனவ்வறா பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். மற்ற மாப்பிள்ளைமார் ஸலாம் சொல்லிக்கொண்டு வருவார்கள், என்னுடையவர் திருத்திக்கொண்டு வந்தார் என்பாள்.

திருத்துவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. நம் பக்கத்தில் சுடுகிற சாமான் எல்லாமே துவக்குத்தான். வட்டை காக்கிறவர்கள் கையில் இருந்ததெல்லாம் ஈயக்குண்டுகளை வாரி இறைக்கும் துவக்குகள். வட்டை என்று நாங்கள் சொல்வது வயல்வெளியை. றைபிள் அப்படி இறைக்காது, ஒரே குண்டு. குழலுக்குள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் புரி ஒன்று வெட்டியிருக்கும். அந்தப் புரியில் சுழன்றுகொண்டு போவதால் குண்டு நேர்கோடாகப் போகும். மீராமுகைதீன் இதை விளக்க அரிக்கன்லாம்பு மூடியைக் கழற்றி அதன் புரியைக் காட்டுவார். கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். அவருடைய வாப்பா கல்லோயாவில் வாய்க்கால் வெட்டிய காலத்தில் ஒரு துரைக்குக் காவற்காரராக இருந்தவர். துரை ஊருக்குப் போகும்போது மனமுவந்து கொடுத்துவிட்டுப் போனது அந்த றைபிள். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு வீடு வளவெல்லாம் ராத்தாமாருக்கு, அவருடைய அக்காமாருக்கு, போனது. மகனுக்கு என்று மிஞ்சியது இது ஒன்றுதான். மனைவி வீட்டில் வந்து குந்தியிருக்கும் மனிதனுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒன்று இருந்தால் அதைப் பற்றி அவன் கொஞ்சம் அதிகமாகப் பேசத்தானே செய்வான்.

மூன்று மாதத்துக்குள் ஊர் அவருக்குப் பேர் வைத்துவிட்டது. றைபிள் மீரா. பிறகு மீராவும் கழன்றுபோய் வெறும் றைபிள். பேர் வைத்ததோடு நின்றார்களா, அந்தச் சொல்லை எடுத்து வீட்டுச் சாமான் மாதிரிப் புழங்கத் தொடங்கினார்கள். கடற்கரைப் பந்தடியில் எவனாவது உதைத்த பந்து வளையாமல் நேரே கோலுக்குள் போனால் அது றைபிள் அடி. மீன் வியாபாரி ஒரே விலை சொல்லி இறங்க மாட்டேன் என்று நின்றால் றைபிள் விலை. கஞ்சி போட்டு மடித்த சாரன் விறைத்து நின்றால் றைபிள் மடிப்பு. முகத்துக்கு நேரே பேசும் பெண்ணுக்கு றைபிள் வாய். முனவ்வறா றைபிளின் பொஞ்சாதி ஆனாள், பிறகு பிறந்த நஸீறா றைபிளின் மகள் ஆனாள்.

வீட்டுக்குள் அந்தச் சாமானுக்கு இருந்த உத்தியோகங்கள் வேறு. நுளம்பு வலையின் ஒரு மூலையை அதில் கட்டினார்கள். பரணில் இருந்த தேங்காயை அதன் கட்டையால் தட்டி உருட்டினார்கள். வெற்றிலைக்காரி முற்றத்தில் நின்று ஊர்க்கதை அளந்து நேரத்தைக் கொன்றால், சரீபா, மாப்பிள்ளை றைபிளைத் துடைக்கப் போகிறார் என்று ஒரு சொல் சொல்லுவார். அவள் கூடையைத் தூக்கிவிடுவாள்.

ஆனால் முனவ்வறாவுக்கு அந்தச் சாமான் என்றாலே பயம். அவளுடைய மூத்த காக்கா, அதாவது அண்ணன், அப்துல் ஸமட் துவக்கினால்தான் மௌத்தானவர். யாரோ பன்றிக்கென்று வரம்போரம் கட்டிவைத்த கட்டுத்துவக்கு, கம்பியில் கால் பட்டதும் வெடித்துவிட்டது. அவரை வண்டிலில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியதை அவள் பத்து வயதில் பார்த்தாள். அதிலிருந்து தீபாவளி வெடிச்சத்தம் காரைதீவுப் பக்கமிருந்து காற்றில் வந்தாலும் அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் அறைச் சுவரில்தான், அவள் தலைமாட்டுக்கு மேலே, மாப்பிள்ளையின் றைபிள் தொங்கியது.

சிறுபோகக் காவலுக்குப் போக நாள் நெருங்கியபோது ஒரு மத்தியானம் மீரா றைபிளைக் கழற்றி எண்ணெய் போட்டார். அதன் பின்பக்கத்தில் குமிழ் வைத்த இரும்புத் தண்டு ஒன்று உண்டு, போல்ட் என்பார்கள். அதை இழுத்துத் தள்ளினால்தான் குண்டு குழலுக்குள் போகும், அது இல்லாவிட்டால் றைபிள் வெறும் கட்டை. அந்தத் தண்டைத் துடைத்துப் பாயில் வைத்துவிட்டு லுஹர் தொழப் பள்ளிக்குப் போனார். முனவ்வறா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்தாள். காக்காவின் பழைய சாரனில் ஒரு துண்டு கிழித்து, அதில் சுற்றி, முடிச்சுப் போட்டு, குசினிக் கூரையில் கிடுகு இடுக்குக்குள் செருகிவிட்டாள். குசினி தனியாக வீட்டுக்குப் பின்னால் நின்றது, மண்சுவரும் கிடுகுக் கூரையும்.

அவர் வந்தார். பாயைத் தூக்கிப் பார்த்தார். பெட்டிக்கடியில் பார்த்தார். அவளை ஒரு தரம் பார்த்தார். சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார். அவள் வாய்க்குள் பதில்களை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு கேள்வியும் வரவில்லை. அடுத்த கிழமை பார்த்தால் றைபிளில் தண்டு இருந்தது, கறுப்பாய், குமிழோடு, அதே இடத்தில்.

புதுசு ஒன்று எங்கேயோ வாங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். தான் செய்த திருட்டு வீணாய்ப் போனதே என்று அழுகையும் வந்தது. அவர் றைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு காவலுக்குப் போனார். பக்கத்து வயல் கந்தப்போடியும் கூடப் போனார். கந்தப்போடி காரைதீவுத் தமிழர். இருவர் வயலுக்கும் ஒரே வரம்பு, இருவருக்கும் ஒரே காவற்பரண். யானை வந்து வேளாண்மையில் இறங்கினால் பரணிலிருந்து படார் என்று ஒரு சத்தம் போகும். அடுத்த பரண்களில் இருக்கிறவர்கள், ஆ, றைபிள் பேசிட்டு என்பார்கள். ஒரு கொம்பன் யானை றைபிள் மீராவைக் கண்டு மண்டியிட்டது என்ற கதை கூட அந்த வருசமே சந்தைக்கு வந்துவிட்டது.

கார்த்திகையில் புயல் அடித்தது. எழுபத்தெட்டுப் புயலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னந்தோப்புகளைப் பாய் விரித்த மாதிரிப் படுக்கப் போட்டுவிட்டுப் போன புயல். முனவ்வறா அப்போது வயிற்றில் நஸீறாவோடு இருந்தாள். கதவு பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தபோது மீரா றைபிளை எடுத்துக் கதவுக்குக் குறுக்கே கொடுத்து, அதில் முதுகைச் சாய்த்து, விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கதவு நின்றது. ஓடு பாதி போனது. பின்னால் குசினி அடியோடு போய்விட்டது.

விடிந்ததும் அவர் கூரையைத் தேடிப் பொறுக்கிவர வெளியே போனார். முனவ்வறா ஈரமாய்க் கிடந்த றைபிளைத் துணியால் துடைத்தாள். துணி கறுத்தது. இன்னும் துடைத்தாள், இன்னும் கறுத்தது. கறுப்புக்குக் கீழே மரம் தெரிந்தது. முதிரை மரம். பூட்ஸுக்குப் போடும் பொலிஷைப் பூசி, இரும்பு மாதிரி ஆக்கி, குமிழ்கூட வழுவழுப்பாகச் சீவி வைத்திருந்த மரத்தண்டு.

அவள் சேற்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். மனிதன் தேடிக் குடையவில்லை, சத்தம் போடவில்லை, புதுசு வாங்கவும் இல்லை. ஊருக்கு முன்னால் மானம் போகாமல் ஒரு மரத்தைச் செருகிக்கொண்டு, சுடாத றைபிளோடு காட்டோர வயலுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. யானைக்கு முன்னால் ஒரு கட்டையோடு தன் மாப்பிள்ளையை அனுப்பியது வேறு யாருமல்ல, அவள்தான்.

உடனே கொடுத்துவிடலாம் என்றுதான் எழும்பினாள். குசினி நின்ற இடத்தில் அடுப்புக் கற்கள் மட்டும் இருந்தன. கூரை எங்கே, கிடுகு எங்கே, காக்காவின் சாரன் துண்டு எங்கே, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

சில நாள் கழித்துக் கந்தப்போடி புயலுக்குத் தப்பிய மரவள்ளிக்கிழங்கு கொஞ்சம் கொண்டுவந்தார். மீரா வீட்டில் இல்லை. முனவ்வறா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணன், இவர்ர றைபிள் வெடிக்கிதா?"

கந்தப்போடி ஓடு போன கூரையை அண்ணாந்து பார்த்தார். பொய் சொல்ல வராத மனிதர்.

"வெடிக்கிது தங்கச்சி. இவர் குறி பார்ப்பார். நான் பின்னால நிண்டு தகரத்துக்குள்ள யானைவெடி கொளுத்திப் போடுவன்." கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "மீரா காக்காட்டக் கேட்டிராத. பாவம் மனிசன்."

அவள் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தது அடுத்த கிழமைக்குப் போனது, பிறகு வருசங்களுக்குப் போனது. கலியாணத்தில் சிலது முதல் நாளே பேசாவிட்டால் பிறகு பேச வாய் வருவதில்லை. மீரா புதுக்குசினி கட்டினார். இம்முறை கல்லில், தகரக் கூரையோடு, பலகைக் கதவோடு. கதவுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். உள்ளே இரண்டு இரும்பு வளையம் வைத்து, பழைய லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் கழன்றது என்று எதையோ கொண்டுவந்து தாழ்ப்பாளாகப் போட்டு, அதற்கும் சேர்த்துப் பச்சை அடித்தார். நல்ல தாழ்ப்பாள், தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் இருக்கும், தட்டிவிட்டால் அசையாது. ஒவ்வொரு போகத்திலும் அவர் காவலுக்குப் போகும் நாட்களில் முனவ்வறா அந்தக் குசினியில் இருந்து யாசீன் ஓதினாள். அவர் திரும்பி வந்து வளவுக்குள் இருமினால்தான் அவளுக்கு மூச்சு வரும். றைபிளைச் சுவரில் மாட்டும்போது இருவரும் அந்தத் தண்டு இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் வேறு எங்காவது பார்ப்பார்கள். ஊரோ அவரை விடவில்லை. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையை வரவேற்க ஒரு வெடி வையுங்கள் என்று சுற்றி நின்று கெஞ்சினார்கள். றைபிள் குண்டு விளையாட்டுக்குச் சுடுறதில்ல என்று அவர் சொன்னதும், எவ்வளவு பொறுப்பான ஆள் என்று கிழவர்கள் தலையாட்டினார்கள். முனவ்வறா பெண்கள் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுவிட்டு வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தைந்து வந்தது. அந்தச் சித்திரையில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் நடந்ததை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பிள்ளை பெற்றவர்கள் இரண்டு பக்கமும் அழுதார்கள் என்பது போதும். கந்தப்போடி இந்தப் பக்கம் வரவில்லை, மீரா அந்தப் பக்கம் போகவில்லை, இருவருடைய வரம்பிலும் புல் வளர்ந்தது. துவக்கு வைத்திருந்தவர்களுக்கு அது கெட்ட காலம். வைத்திருந்தால் இயக்கப் பொடியன்மார் வந்து கேட்பார்கள், கொடுத்தால் பொலிஸ் வந்து கேட்கும். கடைசியில் ஒரு நாள் ஜீப் ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வீதி வீதியாகப் போனது. லைசென்ஸ் துவக்கு வைத்திருப்போர் எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் பொலிஸில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்.

கூடவே ஒரு கதையும் வந்தது. தெற்கே ஒரு ஊரில் ஒருவர் தன் துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அதில் ஒரு உறுப்புக் குறைந்திருந்ததாம். அதை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டு அவரை உள்ளே வைத்துக்கொண்டார்களாம், இன்னும் வரவில்லையாம். மெய்யோ பொய்யோ, அந்த நாட்களில் எல்லாவற்றையும் நம்பத்தான் வேண்டியிருந்தது.

வியாழன் காலை மீரா குசினிப் படியில் குந்தி றைபிளைத் துடைத்தார். பொலிஷ் டப்பாவைத் திறந்து, மரத்தண்டுக்கு ஒரு பூச்சுப் பூசினார். முனவ்வறா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"இஞ்ச பாருங்க. அவங்க அத இழுத்துப் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

"மரமெண்டு தெரிஞ்சா?"

பொலிஷ் துணி நின்றது. அவர் திரும்பவில்லை.

"நீ எப்ப கண்ட?"

"புயலுக்கு அடுத்த நாள்." பிறகு அவளுக்கு நிறுத்த முடியவில்லை. "இரும்ப எடுத்தது நான்தான். காக்காட சாரன்ல சுத்திக் கூரைக்குள்ள வெச்சன். கூரையோட போயிட்டு. இரிந்திருந்தா அண்டைக்கே தந்திரிப்பன், அல்லாஹ் அறிய. நாளைக்கு நானும் உங்களோட வாறன். என்ட ஊட்ல வெச்சு நான்தான் எடுத்தனெண்டு அவங்களுக்குச் சொல்றன். உங்களப் புடிக்கிறெண்டா என்னையும் சேர்த்துப் புடிக்கட்டும்."

ஆறு வருசத்துக்கு மேலாக அடக்கி வைத்தது. மீரா எழும்பினார். ஒரு குறடும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு குசினிக் கதவண்டை போனார். தாழ்ப்பாளைத் தடுத்து அடித்திருந்த ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார்.

"என்ன செய்றீங்க? கதவ ஏன் கழட்டுறீங்க?"

"கதவ இல்ல புள்ள."

தாழ்ப்பாளை வளையங்களிலிருந்து உருவி, மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தார். பச்சை சுருண்டு சுருண்டு வந்தது. கீழே இரும்பு, நீலமும் கறுப்புமாய். குமிழைத் தேய்த்து அவள் கையில் வைத்தார். அப்போதுதான் அந்தப் பாரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மத்தியானம், சாரன் துண்டில் சுற்றும்போது, கையில் கிடந்த அதே பாரம்.

"பக்கத்து வேலியில கிடுகுக் குப்பைக்குள்ள கெடந்திச்சி," என்றார். "புயலுக்கு அடுத்த நாள். துணி சுத்தி, மூணு முடிச்சு. அரிசிப் பைக்கும் மூணு, புள்ளட தொட்டிலுக்கும் மூணு. உன்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்ப எடுத்து றைபிள்ல பூட்டியிரிக்கலாமே. ஏன் பூட்டல்ல?"

அவர் கதவு வளையத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உன்ட காக்காட துணியில சுத்தியிரிந்திச்சி," என்றார் கடைசியில். "அதப் பார்த்த பொறகு எப்புடிப் பூட்டுற? உன்ட கையிலேயே இரிக்கட்டும், நீயே பூட்டித் தொற எண்டு கதவுல போட்டன். உனக்குப் பயமில்லாம இரிக்கணும் எண்டுதான்."

"பயத்தோடதான் இரிந்தன்," என்றாள் முனவ்வறா. "மரத்தத் தூக்கிட்டு ஆனைக்கு முன்னால போறீங்களெண்டு ஒவ்வொரு நாளும் பயத்தோடதான் இரிந்தன். சொல்லியிரிக்கலாமே, மடையன் மனிசன்."

அவள் மாப்பிள்ளையை மடையன் என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். அன்று அரிசி கரிந்துபோனது.

மறுநாள் இரும்பைப் பூட்டிய றைபிளோடு அவர் போக, அவள் சொன்னபடியே கூடப் போனாள். பொலிஸ் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது, அதன் கீழ் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். துவக்குக்காரர்கள் வரிசையாக நின்றார்கள், கல்முனைக்குடி, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என்று எல்லா ஊரும் ஒரே வரிசையில். சித்திரைக்குப் பிறகு இவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் அன்றுதான் கண்டாள். கந்தப்போடி மூன்று பேருக்குப் பின்னால் தன் பழைய துவக்கோடு நின்றார், மெலிந்து போயிருந்தார். அவரும் மீராவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், அவ்வளவுதான்.

மீராவின் முறை வந்தது. மேசையில் இருந்த பொலிஸ் பெரியவர் றைபிளை வாங்கித் தண்டை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். கிறீச்சென்று வந்தது, கூடவே பச்சைத் துகள்கள் வெள்ளைக் கடுதாசியில் கொட்டின. அவர் துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். முனவ்வறா குடையின் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ன இது?" என்றார் பெரியவர், நமக்குப் புரிகிற தமிழில்.

"பெயின்ற் சேர். குசினிக் கதவுல இருந்தது."

"றைபிள் குசினியிலயா?"

"இந்த உறுப்பு மட்டும் சேர். தாழ்ப்பாளா."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பொலிஸ்காரர் வந்து மீராவின் அருகில் நின்றார். முனவ்வறா குடையை மடக்கிவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள். பெரியவர் றைபிளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துக் குழலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். குழல் வாயிலிருந்து மண் உதிர்ந்தது, உருண்டை உருண்டையாக, காய்ந்த மண். குளவிக்கூடு. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாய்ப் பல வருசத்துக் கூடுகள். மீரா பெருமைப்பட்ட புரியெல்லாம் குளவிகளுக்குக் குடியிருப்பாகிப் போயிருந்தது.

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. கொம்பன் யானை மண்டியிட்ட கதையை நாலு சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள்.

"எப்ப கடைசியாச் சுட்டது?" என்றார் பெரியவர்.

மீரா வரிசையைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அந்த மேசையில் மானத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம். அவர் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி முனவ்வறாவைப் பார்த்தார்.

"கலியாணம் முடிச்ச நாளிலிருந்து சுடல்ல சேர்," என்றார். "பொஞ்சாதிக்கு விருப்பமில்ல."

முதலில் சிரித்தது பெரியவர்தான். பிறகு பொலிஸ்காரர். பிறகு வரிசை சிரித்தது, பாண்டிருப்பும் மருதமுனையும் சேர்ந்து சிரித்தன. அந்த வருசத்தில் அந்த ஊர்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தரம்தான் என்று நான் நினைக்கிறேன். குளவிக்கூட்டைப் பார்த்த பிறகு அவரைச் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள். மீரா போகவில்லை.

"சேர், துவக்கெண்டு எழுதிராதிங்க. றைபிள்."

கந்தப்போடி வரிசையை விட்டு வந்து அவர் தோளில் கை வைத்தார். "இனி யானைக்கு என்ன செய்யிற காக்கா?" என்றார். "வெடிய நீங்க கொளுத்துங்க, குறிய நான் பார்க்கிறன்," என்றார் மீரா.

அதற்குப் பிறகு ஊரில் அந்தச் சொல் திரும்பிக்கொண்டது. பந்தடியிலும் மீன் சந்தையிலும் பழைய பொருளிலேயே இருந்தது. பெண்களிடத்தில் மட்டும் வேறாயிற்று. கலியாணம் பேசப் போகிற வீடுகளில் மாப்பிள்ளை எப்படி என்று கேட்பார்கள். ஆள் றைபிள் என்று பதில் வந்தால் போதும், பெண்ணின் உம்மா தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். கையில் இருந்தும் சுடாதவன், பெண்ணின் பயத்தைக் கேட்காமலே தெரிந்தவன் என்று அதற்குப் பொருள். மீராமுகைதீன் காதில் இது விழுந்தபோது அவர் திருத்தப் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தபோது குசினிக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கடற்காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் றைபிள் தொங்கிய இடம் வெள்ளையாய்த் தெரிந்தது. மீரா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை முனவ்வறா பார்த்தாள். அவருடையது என்று அந்த வீட்டில் இருந்த ஒன்றும் போய்விட்டது. அவள் போய், பொலிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த மரத்தண்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கதவடியில் குந்தி அதை வளையங்களுக்குள் விட்டார். அதே அளவு, அதே குமிழ், சீவ ஒன்றும் இருக்கவில்லை. ஆணியை அடித்தார்.

"இது நிக்குமா?" என்றாள்.

"ஆனைக்கு முன்னால நிண்ட சாமான்," என்றார்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. முனவ்வறா நஸீறாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, மரத்தைத் தள்ளிக் குமிழைத் தட்டினாள். அது போய்ச் சரியாக இருந்தது. அவள் உலை வைக்கப் போனாள்.